தட்டை வெளியே எடுக்கவும்

பிப்ரவரி 4

மேடம் திருப்பிக் கொடுத்த தாளில் என் நீல மையைவிடச் சிவப்பு மைதான் அதிகம். ஆய்வகத்தில் பொருட்களை உலர்த்தும் சூட்டடுப்பை எப்படி இயக்குவது என்று படிப்படியாக எழுதச் சொன்னார். "அனலின் இனிய அரவணைப்பில் ஈரம் விடைபெறும்" என்று தொடங்கியிருந்தேன். "இது அடுப்பா, கல்யாணப் பொண்ணா?" என்றார். வகுப்பே சிரித்தது. பள்ளியில் கட்டுரைப் போட்டி என்றால் முதல் பரிசு எனக்குத்தான். இங்கே தொழில்நுட்ப எழுத்தில் போன வருடமே கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் போனால் பட்டம் கிடையாது. அம்மா முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

பிப்ரவரி 11

எழுதினேன். அடித்தேன். எழுதினேன்.

பிப்ரவரி 17

நாளை சோதனை. அந்த அடுப்பையே பார்த்திராத ஒருவர் என் தாளைப் படித்து, அதில் உள்ளதை மட்டும் செய்ய வேண்டும். பக்கத்தில் நிற்கும் நான் வாயைத் திறந்தால் பூஜ்ஜியம். அறைத்தோழி கொசு வருகிறாள். வணிகவியல் படிப்பவள். காதோரம் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர்.

பிப்ரவரி 18

ஐந்தாம் படி: தட்டை வெளியே எடுக்கவும். அதற்குக் கீழே: எச்சரிக்கை, தட்டு சூடாக இருக்கும், கையுறை அணியவும்.

கீழே! யாராவது அதைக் கீழே எழுதுவாங்களா? என் மூளை எங்கே போச்சு? ஒரு வரி படிப்பாள், செய்வாள், அடுத்த வரிக்குப் போவாள் — அதுதானே விதி? நான் கத்துவதற்குள் வெறுங்கையால் பிடித்துவிட்டாள். வலது கை.

மேடம் முதலில் அவள் கையைக் குழாயடியில் பிடித்தார். பிறகு என்னிடம், "இந்த அடுப்பை வாங்குறவங்க பக்கத்துல யாரு நின்னு கத்துவா?" என்றார். பூஜ்ஜியம். போடட்டும்.

பிப்ரவரி 20

கொசு இடது கையால் சாப்பிடுகிறாள். பின்னல் போட என்னைக் கூப்பிடுகிறாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலையேன்டி! எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருக்கிறது.

மார்ச் 3

மேடம் கடைசியாக ஒரு வாய்ப்பு தந்திருக்கிறார். சோதனைக்குத்தான் ஆள் இல்லை. விடுதி முழுக்கக் கேட்டேன். என்னைக் கண்டாலே கையைப் பின்னால் மறைக்கிறார்கள். அவ்வளவுதான், முடிந்தது என் கதை.

மார்ச் 5

"நான் வரேன்டி," என்றாள் கொசு.

"கட்டுப் போட்ட கையோடவா? பைத்தியமா உனக்கு?"

"இன்னொரு கை சும்மாத்தானே இருக்கு."

மறுப்பார் என்று நம்பித்தான் மேடத்திடம் சொன்னேன். "அடுப்பைப் பார்த்தவதான். ஆனா பயந்தவ. அவளைச் செய்ய வைச்சுட்டா நீ பாஸ்," என்றார்.

மார்ச் 8

கொசுவைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். ஒற்றைக் கையால் கதவைத் திறக்க எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? அனல் அடிக்கும்போது முகம் எங்கே இருக்கும்? என் அழகுத் தமிழில் ஒரு சொல்கூட உதவிக்கு வரவில்லை.

மார்ச் 12

முதல் வரி: எச்சரிக்கை, தட்டு கையைச் சுடும். இரண்டாவது: கையுறைக்குள் இடது கையை நுழைக்கவும்.

கதவைத் திறந்த கொசு தட்டின் முன் நின்றுவிட்டாள். வேணாம்டி, விட்டுடு — தொண்டை வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. தாளைப் பார்த்தாள். அடுத்த வரியைப் படித்தாள். தட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

தேறிவிட்டேன்.

"என்னடி இது, அழகா ஒரு வார்த்தைகூட இல்லையே?" என்றாள் வரும் வழியில். அறைக்கு வந்ததும் அவளுக்குப் பின்னல் போட்டுவிட்டேன்.