இடுப்பு உயரத்தில் ஞானராஜ்

2003 ஆகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். என் வேட்டி கொடியில் மூன்றாம் நாளாகத் தவம். இன்றைய பணி: சுவரொட்டிக்கு வாசகம் எழுதுதல். இந்த நூற்றாண்டில் இவ்வளவு பெரிய பொறுப்பு வேறு எவன் தலையிலும் விழுந்ததில்லை.

வருகிற 14-ம் தேதியோடு ஞானராஜ் போய் ஒரு வருஷம். (இனி ஞா.; மை மிச்சம்.) எங்கள் அல்சூர் ஜோகுபாளையத்தில் ரேடியோ ரிப்பேர். இரண்டு காலும் போலியோவுக்குப் போயின. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. சீட்டாட்டத்தில் என் பரம எதிரி.

எங்கள் ஸ்டாப்பில் பஸ் நடுரோட்டில்தான் நிற்கும். ரோட்டில் நின்று பார்த்தால் படி இமயமலை. நடைபாதையை ஒட்டி நிறுத்தினால் ஞா. கைகளை ஊன்றித் தானே ஏறிவிடுவான். நிறுத்த மாட்டார்கள். மூட்டை மாதிரி தூக்கிப் போடுவார்கள். ஒரு நாள் வண்டியை பஸ்ஸுக்குக் குறுக்கே போட்டான். அன்று நின்ற வாகன வரிசையின் வால் கோலாரில் என்றார்கள். வங்காள விரிகுடாவில் என்பது என் கணக்கு. அவனை அப்புறப்படுத்த நாலு பேர் வந்தபோது சொன்னான்: “என்னைத் தூக்காதீங்க. பஸ்ஸை ஓரமா நிறுத்துங்க.” சாயங்காலம் அதிகாரி வந்து ஒப்புக்கொண்டார். சில வருஷம் ஓரமாக நின்றது. டிரைவர்கள் மாறினார்கள். பழையபடி நடுரோடு.

இப்போது அவதி ராணிக்கு. அன்று ஞா.வோடு ரோட்டில் உட்கார்ந்தவள். காலில் காலிப்பர் கம்பி, இரண்டு ஊன்றுகோல். வைட்ஃபீல்டில் ஒரு ஆபீஸில் போன் எடுக்கும் வேலை. சேர்ந்து இரண்டு மாதம். மாசக் கடைசியில்தான் நிரந்தரமா இல்லையா தெரியும். ‘இனியும் லேட்டா வந்தா கஷ்டம்மா’ என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். ஓரமாக ஒரு பஸ் வரும்வரை மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறாள். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க ஆள் உண்டு. இவள் விடுவதில்லை. ஆட்டோவில் போனால் சம்பளம் முழுக்க ஆட்டோவுக்கு.

என் வாசகம்: ‘எட்டுத்திக்கும் அதிர வந்த எரிமலையே! பேருந்துகளை மண்டியிட வைத்த பேரரசே!’

ராணி படித்தாள். “மாமா, இது ஞானண்ணனுக்கா, எலக்ஷனுக்கா?”

எல்லாவற்றையும் அடித்தாள். அவன் சொன்ன அந்த இரண்டு வரி மட்டும். மேலே கன்னடம், கீழே தமிழ். காட்டை விட்டுக்கொடுத்த சிங்கம்போல் கையெழுத்திட்டேன். (ஞானராஜ் நினைவுக் குழு: தலைவர் நான். மற்ற பதவிகள் எல்லாம் ராணி.)

ஆகஸ்ட் 6, புதன்

பிரஸ். வெயில், உடனே மழை, உடனே வெயில். வானத்துக்கே புத்தி நிலையில்லை.

ஞா.வுக்கு இருப்பது ஒரே போட்டோ, பஸ் பாஸில் ஒட்டியது. முறைக்கிறான். பிரஸ்காரர் சிரிக்க வைக்கலாமா என்று கேட்டார். உயிரோடு இருந்தபோதே முடியவில்லை என்றேன்.

வாங்க வேண்டியவை: மைதா. துடைப்பம். மனைவி கமலாவுக்குத் தலைவலி மருந்து (காரணம் நான் என்று அவள் சொல்கிறாள்).

ஆகஸ்ட் 8, வெள்ளி

விடியற்காலை ஸ்டாப்பில் மகாயுத்தம். சுவரொட்டி ஒட்டும் முனியப்பா ஏணியோடு வந்தான். எவனும் கிழிக்க முடியாத உயரத்தில் ஒட்டுவது அவன் கௌரவம். எனக்கும் அதுவே ஆசை. விமானத்திலிருந்து தெரிந்தால் இன்னும் நல்லது.

ராணி ஊன்றுகோலால் சுவரில் ஒரு கோடு காட்டினாள். என் இடுப்புக்கு நேராக.

“இங்க ஒட்டுங்க.”

“அக்கா, அது பசங்க கரியில கிறுக்கற எடம். என் தொழில் மானம் என்னாறது?”

“ஞானண்ணன் வண்டியில ஒக்காந்தா மூஞ்சி இங்கதான் இருக்கும். அவரு ஊர்ல எல்லாரையும் அண்ணாந்தே பாத்தாரு. ஒரு நாளாவது ஜனங்க குனியட்டும்.”

முனியப்பா என்னைப் பார்த்தான். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். ஏணி வந்த வழியே போயிற்று. நிழற்குடை, பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர், எல்லாம் இடுப்பு உயரம்.

ஒரு சந்தேகம் மனதில் ஓடியது, எழுதிவைக்கிறேன்: ஞா.வோடு பேசும்போது நான் எப்போதாவது குனிந்தேனா? சீட்டாடும்போது உட்கார்ந்திருப்போம். அது கணக்கில் வருமா?

ஆகஸ்ட் 9, சனி

பேரழிவு. மாடு தின்றுவிட்டது.

மைதாப் பசை வாசனைக்கு வந்து, ஒரு ஓரத்திலிருந்து ஒழுங்காகத் தின்றிருக்கிறது. மிச்சம்: ஒரு இடத்தில் ஞா.வின் காது. இன்னொரு இடத்தில் ‘தூக்காதீங்க’.

கமலா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “ஏங்க, மத்தவங்க எரிமலைக்கெல்லாம் மாலை போடுவாங்க. உங்க எரிமலைய மாடு மேஞ்சிருச்சே.”

ராணிக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று வேலைக்கு அரைமணி லேட். மேனேஜர் கடிகாரத்தை மட்டும் பார்த்தாராம். அதுதான் பயம் என்றாள்.

மீதிச் சுவரொட்டிகள் இருக்கின்றன. பசையில் மயில்துத்தம் கலக்கலாம் என்றான் முனியப்பா. கசப்புக்கு மாடு நெருங்காதாம். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை? “மேல ஒட்டுனா எந்த மாடு சார் வரும்?” நியாயம்தான். அதனால்தான் கோபம் வந்தது.

சாயங்காலம் மறுபடி ஒட்டினோம். அதே உயரம். பசை நீலப்பச்சை. என் விரலும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தூறல் இல்லை. இன்று கண்டதை வரலாறு நம்பாது.

அல்சூரே குனிந்தது! கழுத்தை மட்டும் சாய்த்துப் படிக்கப் பார்த்தார்கள், எழுத்து சின்னது, முடியவில்லை. கம்பெனி அடையாள அட்டை தொங்கும் பையன்கள், பூக்காரி, தொப்பையோடு ஒரு போலீஸ்காரர், எல்லாரும் முழங்காலில் கைவைத்து வரிசையாக. பின்னால் வந்தவர்கள் என்ன விழுந்தது என்று குனிந்தார்கள். கூட்டம் ரோடுவரை வழிந்தது.

வைட்ஃபீல்டு பஸ் வந்தது. ஹாரன். எவனும் நிமிரவில்லை. டிரைவர் தலையை நீட்டிக் கன்னடத்தில் கத்தினார்: “யாக்ரீ எல்லாரூ பக்கிதீரா?” எல்லாரும் ஏன் குனிந்திருக்கிறீர்கள் என்று கேள்வி. இறங்கி வந்தார். அவரும் குனிந்தார். படித்தார்.

நிமிர்ந்தபோது எதிரே ராணி. கன்னடம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. சத்தம் போடவில்லை. தனக்கு எது வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அவர் நடைபாதையோரம் கைகாட்டினார். ஏழெட்டு ஆட்டோ, அடைத்துக்கொண்டு. எங்கே கொண்டுபோய் நிறுத்துவேன் என்றார். எனக்குள் எரிமலை அணைந்தது. பஸ் போயிற்று. அவள் அதில் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆட்டோ ஸ்டாண்டு. சமாதானத் தூது. போனவன் நான். பேசியது ராணி.

நான் ஆரம்பித்தேன்: “தேரோட்டிகளே...”

“மாமா, காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க” என்றார் பாபு, ஸ்டாண்டில் மூத்தவர். ராணியிடம் திரும்பினார். “பஸ்ஸுலருந்து எறங்கற சவாரிதான்மா எங்களுக்கு. தள்ளி நின்னா பொழப்பு போச்சு.”

“போக வேணாண்ணா. ஸ்டாப்பு தாண்டி நில்லுங்க. எறங்கறவங்க முன்னாடிதானே நடப்பாங்க? பின்னாடியா நடப்பாங்க?”

யோசித்தார்கள். ஒருவன் மட்டும் முணுமுணுத்தான்: “இவங்க ஒருத்தருக்காக எல்லாரும் நகரணுமா?”

“ஒருத்தருக்குத்தான்” என்றாள். “நாளைக்கு உங்க அம்மாவுக்கு முட்டி வலி வந்தா ரெண்டு பேருக்கு.”

பாபு சிரித்துவிட்டார். நாளையிலிருந்து பார்ப்போம் என்றார். ‘பார்ப்போம்’ என்ற சொல்லை நான் நம்புவதில்லை. கமலா நாற்பது வருஷமாகச் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஞா. நினைவு நாள். நான் தயாரித்த சொற்பொழிவு பையில். பேசவில்லை.

ஆட்டோக்கள் ஸ்டாப் தாண்டி நின்றன. ஒன்றைத் தவிர, முணுமுணுத்தவனுடையது. பாபு பார்த்த பார்வையில் அதுவும் நகர்ந்தது. திங்கட்கிழமை டிரைவரே வந்தார். மெதுவாக, டயர் நடைபாதைக் கல்லை உரச, ஓரமாக.

ராணி ஊன்றுகோல்களை ஒரு கையில் சேர்த்தாள், கம்பியைப் பிடித்தாள். சற்றே தடுமாற்றம். என் இரண்டு கையும் தானாக நீண்டுவிட்டன.

“மாமா.”

அவ்வளவுதான் சொன்னாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஃபேக்டரியில் முப்பது வருஷம் இரும்பு தூக்கினேன். இவ்வளவு கனமான வேலை பார்த்ததில்லை. ஏறிவிட்டாள். ஜன்னல் சீட்டு.

ஆகஸ்ட் 18, திங்கள்

மழை. காய்கறி வாங்கும் சாக்கில் ஸ்டாப் பக்கம் உளவு.

வேறு டிரைவர். நடுரோட்டில் நிறுத்திவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. கத்தரிக்காயைக் கீழே போட்டுவிட்டு ரோட்டில் குதிக்கத் தயார். அதற்குள் பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்: “டிரைவர் சார், லெஃப்ட்கெ தகொளி!” இடப்பக்கம் ஓரங்கட்டச் சொல்கிறாள், யாரென்று தெரியவில்லை. இன்னொருவர் தகரத்தில் தட்டினார். பிறகு நாலைந்து பேர். ராணி நிழற்குடையில் ஊன்றுகோல்களை ஊன்றி, பஸ் ஓரமாக வரட்டும் என்று நின்றிருந்தாள்.

வந்தது.