ஒரு காலுக்கு அமுங்கும் பிரேக்

அன்புள்ள அம்மாவுக்கு ஜினிஷா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நாங்கள் சுகம். ஆப்பரேஷன் செய்த கால் முட்டு படியேறும்போது இன்னும் வலிக்கிறதா?

டிசம்பரில் நீங்கள் வந்து ஓட்டுவதற்காக, நம் பழைய பெட்ரோல் காரில் பெமிலா சித்தி தன் பட்டறையில் டர்போ டீசல் எஞ்சினை மாட்டிவிட்டார். பழைய ரேடியேட்டர் போதவில்லை, எஞ்சின் தாங்கியும் பொருந்தவில்லை. இரண்டையும் மாற்றினார். மெக்கானிக் ரதீஷ் அண்ணன் முற்றத்தில் ஓட்டிப் பார்த்து, “கொள்ளாம் அக்கா” என்று திருப்தியாகச் சொன்னார்.

சித்தி நம்பவில்லை. “ஒனக்க காலு ஒலக்கையாக்கும். ஏட்டி ஜினிஷா, நீ கேறி பிரேக்க மிதி.”

எஞ்சின் ஓட, இரண்டு காலாலும் மிதித்தேன். பிரேக் கல்லாக இருந்தது. பயப்படாதீர்கள், வண்டி நகரவில்லை.

பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்; அந்த உறிஞ்சல்தான் பிரேக் மிதிக்கும் காலுக்குத் துணை. டீசலில் அதற்குத் தனி பம்ப் வேண்டும். அதை எல்லோரும் மறந்திருந்தார்கள்.

“அக்காக்க முட்டு இத தாங்குமாடே? பம்ப் மாட்டாம வண்டி பட்டற கேட்டத் தாண்டாது” என்று சித்தி சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். வேலை நெடுகிலும் அவர் உங்கள் காலை நினைத்திருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நேற்று பம்ப் மாட்டியாயிற்று. என் ஒரு காலுக்கே பிரேக் அமுங்குகிறது.

இனி சீட்டைத்தான் உங்களுக்கு ஏற்ப நகர்த்தி வைக்க வேண்டும். முட்டிலிருந்து குதிகால்வரை அளந்து எழுதுங்கள். நீங்கள் மஸ்கட் போனபோது நான் உங்கள் தோள் உயரம். இப்போது எதுவரை என்று எனக்குத் தெரியவில்லை.

கடிதம் கொண்டுவரும் ஜாஸ்பர் மாமா வாசலில் அவசரப்படுத்துகிறார்.

உங்கள் ஜினிஷா