மாடு இறங்கும் வலை

மின்னி பே, போர்ட் பிளேர்
9-6-1974

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டியை உள்ளிருந்து பார்த்தேன். போன லீவில் நீ எடுத்துக்கொண்ட எக்ஸ்ரேயை, மெட்ராசிலிருந்து கேம்ப் வந்திருக்கும் எலும்பு டாக்டரிடம் கொண்டுபோனேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கூச்சமாக இருந்தது. அனுமதி கேட்காமல் உன் அறைக்குள் போய்விட்ட மாதிரி.

இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோலக் குருத்தெலும்பு. உனக்கு உள்பக்கம் தேய்ந்திருக்கிறதாம். என்ன வேலை என்று கேட்டார். ஹட் பே டிஸ்பென்சரியில் நர்ஸ், வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறாள் என்றேன். “குத்துக்கால் போட்டு உக்காருவாங்களா?” என்றார். அதுதான் வேலையே என்றேன். மறுபடி படத்தைப் பார்த்தார். “அப்ப ரொம்ப நாள் தாங்கியிருக்கு, இந்த முட்டி.” மரியாதையோடுதான் சொன்னார்.

தேய்ந்தது திரும்ப வளராது. வலியைக் குறைக்கலாம். நீ கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாயே, அதுதான் தவறு. படுத்தால் தொடைத் தசை மெலிகிறது, பாரமெல்லாம் எலும்பின் மேல் விழுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் சின்ன மணல் பை கட்டிக்கொள். காலை நீட்டி நிறுத்தி, மெதுவாக இறக்கு. களைப்புத் தெரியும்வரை செய். சமதரையில் நட. வெந்நீர் ஒத்தடம் கொடு. குத்துக்கால் கூடவே கூடாது.

உங்கள் டாக்டர் டிரான்ஸ்பர் பேச்சு எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். வரட்டும் அக்கா. இங்கே வார்டு வேலை, சமதரை. முன்னறையில் உனக்கென்று கட்டில் வாங்கிப் போட்டுவிட்டேன்.

உன் தம்பி,
சிவஞானம்


ஹட் பே
27-6-1974

அன்புத் தம்பி சிவஞானத்துக்கு அக்கா எழுதிக்கொண்டது.

முட்டியைத் தவிர மற்றதெல்லாம் இங்கே நலம். கப்பல் வந்ததால் கடிதமும் வந்தது. மணல் பை தைத்துவிட்டேன். மணலுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

என் முட்டிக்கு வைத்தியம் பார்க்காத வீடும் இந்த ஊரில் இல்லை. பெங்காலி வீடுகளிலிருந்து பூண்டு போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெய். நிக்கோபாரி அம்மாள் ஒருத்தி தேங்காயெண்ணெயைச் சுட வைத்துக் கொண்டுவந்து அழுத்திவிட்டுப் போகிறாள். காதர் பாய் கடையிலிருந்து தைல பாட்டில். எல்லார் வீட்டுப் பிள்ளையையும் கையில் வாங்கினவள் நான், யாரை வேண்டாம் என்பது? எல்லாவற்றையும் பூசிக்கொண்டேன். முட்டி தாளித்த குழம்பு மாதிரி மணக்கிறது. “ஆராம் கரோ தீதி”, ஓய்வெடு அக்கா என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னதால்தான் படுத்தேன். பிள்ளை பெற்றவர்களை மூன்றாம் நாளே எழுப்பி நடக்க வைக்கிறவள், என் காலுக்கு மட்டும் அதை மறந்துவிட்டேன்.

குத்துக்கால் கூடாது என்கிறாய். இங்கே பிள்ளை தரையில்தான் பிறக்கிறது. என் முட்டியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

டிரான்ஸ்பர் பேச்சுக்குக் காரணம் நடை இல்லை, நூலேணி. இங்கே ஜெட்டி கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், படகுக்கும் கப்பலுக்கும் நடுவே அந்த ஏணிதான். ஆபத்தான கேஸ் ஒவ்வொன்றோடும் நான் போர்ட் பிளேர் போய்த் திரும்ப வேண்டும். ஏறிவிடுகிறேன். இறங்கும்போதுதான் கால் மடங்கிப்போகிறது. டாக்டர் நல்ல மனிதர். “ஏணி முடியலைன்னா சரக்கு வலையில வாங்க சிஸ்டர். அதுவும் வேணாம்னா டிரான்ஸ்பர்தான்” என்றார். சிமெண்ட் மூட்டையும் பசுமாடும் கிரேனில் இறங்குமே, அந்த வலை.

“மாடு இறங்குற வலையில நான் இறங்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். குடியேற வந்தவர்கள் முதல்முறை ஏணியைப் பார்த்து அழுதபோது, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் இறங்கினவள் நான். என்னைப் பார்த்துத்தான் மற்றப் பெண்கள் கால் வைத்தார்கள். அவர்கள் பார்க்க வலையிலா?

நீ ஏன் சிரிக்கிறாய்? நல்ல முட்டி இரண்டு வைத்துக்கொண்டு ஒருமுறைகூட நீ இங்கே வரவில்லை. நூலேணி என்றால் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

அக்கா,
இந்திராணி


மின்னி பே
14-7-1974

அக்கா,

நான் சிரிக்கவில்லை. நீ முன்னால் இறங்கியதை இதுவரை எனக்கு நீ சொன்னதே இல்லை.

ஏறுவது எளிது, இறங்குவதுதான் கஷ்டம் என்று எழுதினாயே. அதை எலும்பு டாக்டரிடம் சொன்னேன். சரிதான் என்றார். இறங்கும்போது முட்டி வளைந்த நிலையிலேயே உடம்பு முழுவதையும் தாங்கிப் பிடிக்க வேண்டுமாம். அடுத்த நாள் காலேஜில் என் தத்துவ வகுப்பில் இதைச் சொன்னேன். மாணவர்கள் குறிப்பு எடுத்தார்கள். பரீட்சைக்கு வராது என்று சொல்ல மனம் வரவில்லை.

எனக்கு முழங்கால் இருப்பதே நினைவில் இல்லாமல் இருந்தது. இப்போது மாடிப்படி இறங்கும்போதெல்லாம் உன் நினைவு.

கட்டில் அப்படியே இருக்கிறது.

சிவஞானம்


ஹட் பே
22-8-1974

அன்புத் தம்பிக்கு,

மணல் பை வேலை செய்கிறது. தொடையில் பிடிப்பு வந்திருக்கிறது. சந்தைவரை நடந்தால் வலியில்லை. கூடவே பெங்காலிக் கிழவிகளும் காலில் மணல் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் டிஸ்பென்சரி வராந்தாவைப் பார்த்தால் டிரில் கிளாஸ் என்று நினைப்பாய்.

காதர் பாய் பழைய நூலேணி ஒன்றை வாங்கிவந்து கர்ஜன் மரத்தில் கட்டிக்கொடுத்தார். ஊரே கூடி நின்றது. ஏறினேன். இறங்கும்போது நடுவில் முட்டி மாட்டிக்கொண்டது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. “தீதி, சோடியே மத்!” என்று கத்துகிறார்கள், விட்டுவிடாதே என்று. விட்டுவிட எனக்கென்ன ஆசையா? காதர் பாய் தோள் கொடுத்து இறக்கினார்.

டாக்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “அடுத்த கப்பலுக்குள்ள சொல்லுங்க சிஸ்டர். வலையா, டிரான்ஸ்பரா?”

கட்டிலை மடக்கிவிடாதே.

இந்திராணி


மின்னி பே
11-9-1974

சிவஞானத்துக்கு,

உன் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பரீட்சைத் தாள் திருத்த நீ மெட்ராஸ் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிச் சாவி தந்தார்கள். உன்னைப் பார்க்க முடியாதது வருத்தம். ரசப்பொடி டப்பாவில் எறும்பு. வெயிலில் வைத்திருக்கிறேன்.

மினதி என்ற பெண்ணோடு வந்தேன். நிறைமாதம், ரத்தப்போக்கு. கப்பல் நின்ற அன்றைக்கே அப்படி ஆனது அவள் அதிர்ஷ்டம். படகில் பலகையில் கிடத்திக் கப்பலடிக்குக் கொண்டுபோனோம். ஏணியில் அவள் ஏற முடியாது. மேலேயிருந்து வலையை இறக்கினார்கள். அதைப் பார்த்ததும் என் கையைப் பிடித்தாள், விடவில்லை. “தீதி, ஆமி கொரு நா” என்றாள். நான் மாடு இல்லை அக்கா என்கிறாள். என் வார்த்தை ஊர் முழுக்கப் போயிருக்கிறது, பார்.

ஏணி பக்கத்திலேயே தொங்கியது. அன்றைக்கு ஏறுவது மட்டும்தானே, என் முட்டி ஏறியிருக்கும். நான் வலைக்குள் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தேன். அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டேன். “சலோ” என்றேன், மேலே பார்த்து.

வலை மேலே கிளம்புகிறது. பிறகு காற்று. படகு சின்னதாகப் போகிறது. கரையில் எல்லாரும் நிற்பது தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் காதில் விழுந்திருக்காது, இவள் அழுதுகொண்டிருந்தாள்.

ஆபரேஷன் ஆயிற்று. பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள்.

நாளைக் கப்பலில் திரும்புகிறேன். வலையில்தான் இறங்குவேன். டாக்டரிடம் அதையே சொல்லிவிடுவேன்.

முன்னறைக் கட்டிலில் நன்றாகத் தூங்கினேன். காலையில் அதன் ஓரத்தில் நின்று பார்த்தேன். குனிய வேண்டாம், குத்துக்கால் வேண்டாம், கை சரியாக எட்டுகிறது. பிரசவத்துக்கென்றே செய்த உயரம். எனக்குக் கொடுத்துவிடு தம்பி. டிஸ்பென்சரியில் போட்டு, இனிப் பிரசவத்துக்குப் பெண்களை அங்கே வரச்சொல்லப்போகிறேன். தீதிக்கு முட்டி வலி என்றால் வருவார்கள்.

கோபித்துக்கொள்ளாதே. அது எனக்காக வாங்கியதுதானே.

இந்திராணி


மின்னி பே
2-10-1974

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மெட்ராஸ் கப்பலில் வந்தேன். வீட்டில் ரசப்பொடி வாசனை. தலையணைக்கடியில் உன் கடிதம்.

இரண்டுமுறை படித்தேன். ஏணி பக்கத்திலேயே தொங்கியது என்ற வரியில் நின்றுவிட்டேன். நீ முன்னால் இறங்க, மற்றவர்கள் உன்னைப் பார்த்துக் கால் வைத்தார்கள் என்றாய். இந்தமுறையும் அதைத்தான் செய்திருக்கிறாய் என்று தோன்றுகிறது.

இங்கே வா என்று இனி எழுத மாட்டேன்.

கட்டிலைக் கழற்றிவிட்டேன். கால்களைக் கோணியில் சுற்றியாயிற்று. முன்னறை பெரிதாகத் தெரிகிறது. கட்டிலைத் தனியாக அனுப்ப மனமில்லை, அடுத்த கப்பலில் நானே கொண்டுவருகிறேன். அது வலையில் இறங்கும் என்று கப்பல் ஆபீசில் சொன்னார்கள்.

வலை இறக்குகிற கப்பல் போசனிடம் ஒன்று கேட்டுவை அக்கா. முட்டி நன்றாக இருக்கிறவனுக்கும் அதில் இடம் தருவார்களா?

உன் தம்பி,
சிவஞானம்