ஹஸ்ஸானுக்கு எதிராகத் தூக்கிய கை

யாங்கோன், பபேடான்
திங்கட்கிழமை

அன்பு மகன் ஹஸ்ஸானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் வாப்பாவும் இங்கே சுகம், ஒசாகா குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, கடைக்குப் போகிறார், கோபம்தான் இன்னும் குறையவில்லை, அந்தக் கோபம் என் மேல், ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பக்கத்து வீட்டு ஃபஹீமா இதைப் படம் பிடித்து நெட் லைன் வந்ததும் அனுப்பிவிடுவாள்.

நேற்று நம் வீட்டில் கூட்டம் நடந்தது. நீ ஆரம்பித்த பர்மாத் தமிழ் அகராதிக்கு, அதுதான் போனில் தட்டினால் பொருள் காட்டுகிறதே அதற்கு, இங்கிருந்து சொல் சேர்த்துக் கொடுக்கிற எல்லாரும் வந்திருந்தார்கள், விநாயகமூர்த்தி அண்ணன் மிங்கலாடோனிலிருந்து பஸ் மாறி மாறி வந்தார். வந்தது உன்னை விட்டுப் பிரிவதற்கு. அகராதியின் உள்வேலை முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நீயே திறந்து வைத்திருக்கிறாய் அல்லவா, அதைப் பிரதி எடுத்து வேறு பெயரில் தாங்களே நடத்துவது என்று முடிவு செய்துகொண்டுதான் படியேறினார்கள்.

எல்லாம் நீ வைத்த சட்டத்தால் வந்தது. யாராவது மாற்றம் கேட்டால் மூன்று நாள் பொதுவில் போட்டு வைப்பாய், யாரும் மறுக்காவிட்டால் எல்லாரும் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். போன மாதம் சிங்கப்பூர்த் தம்பி ஒருவர் பர்மியச் சொற்களை எடுத்துவிட்டால் தமிழ் சுத்தமாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார். அந்த மூன்று நாளும் இங்கே மின்சாரமும் இல்லை, லைனும் இல்லை. வந்து பார்த்தால் சந்தைக்கு நாம் சொல்கிற ஸே இல்லை, தேயிலை ஊறுகாய் லஃபெத் இல்லை, ஃபஹீமா கடைத்தெருவெல்லாம் அலைந்து கேட்டுச் சேர்த்தது ஒன்றையும் காணோம். அவள் உனக்கு எழுதியதற்கு, சட்டப்படிதான் நடந்தது என்று ஒரே வரியில் பதில் போட்டாயாம். நாங்க என்ன ஊமையா மாமி, மீ இல்லாம, கரண்டே இல்லாம இருட்டுல கெடந்தோம், அதுக்குப் பேரு சம்மதமா என்று அவள் அழுதபோது நீ பக்கத்தில் இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன்.

என் நிக்காஹ் அன்று நான் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தே இருந்தேன், சம்மதம்தான் என்று சுற்றியிருந்த பெண்கள் முடித்துவிட்டார்கள், என் வாப்பா விடவில்லை, புள்ள வாயால சொல்லட்டும் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். அதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். பிரிய வேண்டாம், எடுத்த சொற்களைத் திரும்பப் போடச் சொல்வோம், இனி இங்கிருந்து ஒருவராவது சரி என்று எழுதாமல் எதுவும் முடிவாகக் கூடாது, மாற்றங்களுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரமும் ஹஸ்ஸான் ஒருவன் கையில் வேண்டாம், ஃபஹீமாவும் விநாயகமூர்த்தி அண்ணனும் அவனோடு சேர்ந்து இருக்கட்டும் என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. ஒரு பாட்டம் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு, நான் சொன்னதற்குச் சம்மதமானவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். சமையல் சொற்கள் கொடுத்தவள் என்று எனக்கும் ஓட்டு உண்டு. தூக்கினேன் மகனே, எல்லாருக்கும் முந்தித் தூக்கினேன், அதுவே முடிவானது.

வாப்பாவுக்கு ஓட்டு இல்லை, ஒரு சொல்லாவது சேர்த்தவருக்குத்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். பெத்த புள்ளைக்கு ஓட்டுப் போட நான் சொல்லு வேற கொடுக்கணுமா என்று குதித்தார். பிறகு டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, கடையில் புழங்குகிற சொற்களை எழுத உட்கார்ந்தவர் மக்ரிப் பாங்கு கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை. அடுத்த தடவை பார் என்று என்னை மிரட்டிக்கொண்டிருக்கிறார்.

உன்னைக் கீழே இறக்கிவிட்டோம் என்று நினைக்காதே. வேலை முடிந்து வந்து முகம் தெரியாதவர்களின் ஏச்சுக்கெல்லாம் ஒற்றை ஆளாகப் பதில் சொல்லி நீ வாடியது எனக்குத் தெரியாதா. ஆனால் நீ முடியாது என்றால் இவர்கள் பிரிந்துவிடுவார்கள், நானும் இவர்களோடுதான் போவேன், அதை ஒளித்து எழுத எனக்கு வராது. அப்போதும் நான் உன் உம்மாதான், நீ வந்தால் உனக்குப் பிடித்ததைத்தான் ஆக்கி வைப்பேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த ஆரோக்கியத்தையும் நாலு பேரை அணைத்துப் போகிற மனசையும் தருவானாக. எண்ணெய் தேய்த்துக் குளி, பட்டினி கிடக்காதே. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மறுபடி கூடுகிறோம், அதற்குள் பதில் போடு, என்னைத் திட்ட வேண்டுமானாலும் திட்டி எழுது. உன் பதில் வராவிட்டால் அன்றைக்கு எந்த முடிவும் எடுக்கக் கூடாது, ஹஸ்ஸான் நானாவுக்கு அங்க என்ன கஷ்டமோ நமக்குத் தெரியாதே என்று முதலில் சொன்னது ஃபஹீமாதான்.

துஆவுடன்,
உன் உம்மா
ஹாஜரா அப்துல் பாரி