நீக்க நீக்க வந்தது

நவ. 3, திங்கள்
காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. ஏழாம் வகுப்புக் கேள்வித்தாள் அடிக்க உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பிரவுசரைத் திறந்ததும் பெயர் தெரியாத ஒரு தேடல் பக்கம். எதைத் தேடினாலும் அங்கேயே இழுத்துக்கொண்டு போகிறது. மூலையில் சிவப்புப் பெட்டி: உங்கள் கணினி ஆபத்தில்.

செய்தவை:
கண்ட்ரோல் பேனலில் தேதிவாரியாகப் பார்த்து, நேற்று வந்த இரண்டு புரோகிராம் நீக்கம்.
பிரவுசரில் ஒட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் நீக்கம். பழைய தேடல் பக்கம் திரும்ப வைத்தாயிற்று.
மாமாவுக்குச் சுக்குக் கஷாயம்.
கேஸ் புக்கிங்.

மாமாவின் மகன், நான் கட்டிய மச்சான், கப்பலில் வேலை பார்க்கிறார். அவரிடமிருந்து நான்கு நாளாகச் செய்தி இல்லை. சண்டை நடக்கிற கடல் பக்கமாகப் போகிறோம், வாப்பாவிடம் சொல்லாதே என்றுதான் கடைசியாகச் சொன்னார். மாமாவிடம் நான் மூச்சு விடவில்லை.

நவ. 4, செவ்வாய்
வெயில். பள்ளி விட்டுக் கோட்டுச்சேரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் அதே தேடல் பக்கம். நேற்று நீக்கிய இரண்டும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கின்றன. எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் டீச்சருக்கு போன். இந்த மாதிரிச் சனியன்கள் குறித்த நேரத்தில் தானே திரும்ப ஏறிக்கொள்ள ஏற்பாடு செய்து வைத்திருக்குமாம். டாஸ்க் ஷெட்யூலரில் பார்க்கச் சொன்னார். ஒன்று இருந்தது. அழித்தேன். முழு ஸ்கேன், ஒன்றரை மணி நேரம். மீன் குழம்பு அடிப்பிடித்தது.

நவ. 5, புதன்
மறுபடியும் வந்துவிட்டது. நீக்க நீக்க வருகிறது. இன்ஸ்டால் ஆன நேரம் பார்த்தேன். இன்று பகல். யாரோ கையால் இறக்கியிருக்கிறார்கள். மழை லீவு பிள்ளைகளுக்கு மட்டும்தான், நான் பள்ளிக்குப் போயிருந்தேன். மகள் ஹசீனா வீட்டில்தான் இருந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள், விளையாட்டு எதையாவது இறக்கியிருப்பாள் என்று பிடித்து ஏசினேன். ஒரு மாதம் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்றும் சொன்னேன். அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மாமாவும் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தார்.

நவ. 6, வியாழன்
விடியற்காலை சுபுஹ் தொழுதுவிட்டு மாமா நேராகச் சமையலறை வாசலுக்கு வந்தார்.

"புள்ளைய ஏசாதம்மா. நாந்தான் எறக்குனேன்."

"எதுக்கு மாமா?"

சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு. மச்சானுடைய கப்பல் பெயர், ஆங்கிலத்தில், பெரிய பெரிய எழுத்தாக. "டிவில சண்டைன்னு சொல்றான். நீ பயந்துருவேன்னு சொல்லல."

முப்பது வருஷம் துணிக்கடை வைத்திருந்தவர். கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் கப்பல் பெயரைத் தேடியிருக்கிறார். பச்சைப் பொத்தானை அமுக்கச் சொன்னதாம், அமுக்கினாராம். கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் வரைபடம் வந்ததாம். நான் நீக்கியதும் அதைக் காணோம். மழையில் லைன் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுநாளும் அதற்கடுத்த நாளும் இறக்கியிருக்கிறார். நானும் மறைத்ததைச் சொன்னேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

உட்கார்ந்து காட்டினார். நீலக் கடல், நடுவில் ஒரு சின்னக் கப்பல் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்யப் போன சமயம், சந்தேகத்தில் என் பெயரை அடித்துப் பார்த்தேன். அதே கடல். அதே கப்பல். எதை அடித்தாலும் அதுதான்.

சொல்ல மனம் வரவில்லை.

ஹசீனாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். காட்டிக்கொடுக்கவில்லை. கழுதை. கட்டிக்கொண்டேன், விறைப்பாகவே நின்றாள்.

நவ. 7, வெள்ளி
சொல்லாமல் விட்டால் திரும்ப இறக்குவார். ஜும்ஆ முடிந்து வந்ததும் உட்கார வைத்து, அவர் பெயரையே அடிக்கச் சொன்னேன். கப்பல் வந்தது.

"அப்ப அஞ்சு நாளா நான் துஆ கேட்டது யாரு கப்பலுக்கு?"

"படம்தான் பொய் மாமா. நீங்க கேட்டது உங்க மவனுக்குத்தானே."

அவரே நீக்கினார். 'உறுதியாகவா?' என்று மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் ஆம். பாஸ்வேர்டுகளை எல்லாம் நான் மாற்றினேன். பிறகு எதையும் இறக்கத் தேவையில்லாத ஒரு நல்ல தளத்தைத் தேடிப் பிடித்து, கப்பல் பெயரை அடித்தோம். கடைசி சிக்னல் எட்டு நாள் முன்பு. அந்தப் பக்கம் போகிற கப்பல்கள் பாதுகாப்புக்காக சிக்னலை அணைத்து வைப்பது உண்டு என்று கீழே போட்டிருந்தது. அவருக்கு வாசித்துக் காட்டினேன். எனக்கும் சேர்த்துத்தான். பொய்க் கப்பலாவது நகர்ந்துகொண்டிருந்தது.

நவ. 8, சனி
தூறல். பால் திரிந்துவிட்டது. ஹசீனா பேச ஆரம்பித்துவிட்டாள், ஜாமெட்ரி பாக்ஸ் வேண்டுமாம்.

மாமா காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால். பதினொன்றரைக்கு என்னைக் கூப்பிட்டார். திரையைக் காட்டினார். வரைபடத்தில் ஒரு புள்ளி, அந்தக் கடலைத் தாண்டி வெகு கீழே. சிக்னல் ஆறு நிமிடம் முன்பு. பெயரை எழுத்து எழுத்தாகச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

லுஹர் பாங்கு சொல்லும்போது மச்சானிடமிருந்து போன். விட்டு விட்டுக் கேட்டது. நல்லா இருக்கேன் என்று மட்டும் தெளிவாக விழுந்தது. போனை மாமா காதில் வைத்தேன். அவர் திரையில் இருந்த புள்ளியைப் பார்த்துக்கொண்டே அதனிடம் கேட்டார்:

"சாப்டியாப்பா?"