கரும்பால் அளந்த கார்

டீசல் வாசனையோடும் கரும்புச் சோகை கீறிய கைகளோடும் வீடு திரும்பிய என் அண்ணாவுக்கு,

நேற்று கார் வாங்கிவிட்டேன். இரண்டே பேர் உட்காருகிற, பந்தயக் கார் மாதிரியான கார். மூன்று வருஷமாய் நீ போனில் "வாங்கிட்டியா?" என்று கேட்பாய், நான் "இன்னும் பாத்துக்கினு இருக்கறேன்" என்பேனே, அதே விஷயம்தான். நீ போய்ப் பதினொரு மாதம் ஆன பிறகு வாங்கியிருக்கிறேன். திட்டுவதானால் இங்கேயே திட்டிவிட்டு மேலே படி.

பார்த்தது இரண்டு வண்டி. ஒன்றுக்கொன்று போட்டியாக இரண்டு கம்பெனிகள் செய்வது. சிவப்பு, தரையோடு தரையாய்க் கிடக்கும். கையால் கியர் போட வேண்டும். கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். நீலம், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும், வேகமும் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு பட்டனைத் தட்டினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வேகத்தடையில் வயிறு உரசாமல் ஏறும். கள்ளக்குறிச்சியில் கிளம்பிக் கச்சிராயபாளையம் வருவதற்குள் எத்தனை வேகத்தடை என்று உனக்கா சொல்ல வேண்டும்? என் வீட்டுக்காரர் முதலில் "இந்த வயசுல உனக்கு ரெண்டுமே வேணாம்" என்றார். நான் முறைத்ததும் "சரி, வாங்கறதுன்னா நீலம்" என்று இறங்கி வந்தார்.

உன் தங்கச்சியைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. வீடு கட்டிக் கொடுக்கிற காண்ட்ராக்டர் நான். ஒரு கதவுப் பிடி வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள். இரண்டு வண்டிக்கும் தனித்தனி நோட்டுப் போட்டேன். பிரேக், டயர், உதிரிபாகம், ஓட்டினவர்கள் சொன்னது என்று பக்கம் பக்கமாய் எழுதினேன். ஒரு மாதம் சிவப்பு ஜெயிக்கும், அடுத்த மாதம் நீலம். மூன்று வருஷம் இப்படியே போனது.

ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு எதற்கு இந்தக் கார் ஆசை என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். உனக்கும் எனக்கும் தெரிந்த கதையை அவர்களுக்காக ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. மறியல் வாரத்தில் எங்கே பார்த்தாலும் புளியமரத்தை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். நம் ஊரிலிருந்து சின்னசேலம் போகிற வழியில் கிடந்த மரத்தில் உன் கோடாலியின் வெட்டும் இருந்தது. நம் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று கேட்டுத்தான் வெட்டினாய். அந்த வாரம் பார்த்து எனக்குச் சேலத்தில் பாலிடெக்னிக் நேர்காணல். மறுநாள் காலை பத்து மணிக்கு அங்கே நிற்க வேண்டும். சின்னசேலம் போனால் ரயில் உண்டு, ஆனால் சின்னசேலம் போக வழி இல்லை. உன் ஆட்கள் எல்லோர் முன்னாலும் வந்து நின்று, "அந்தக் கோடாலிய என் கால்லயும் போட்டுடு, எங்கயும் போவாம வூட்லயே கெடக்கறேன்" என்று கத்தினேன்.

மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கார் மாட்டிக்கொண்டு நின்றது. சின்னசேலத்து ஜவ்வரிசி ஆலைக்காரருடையது. மரவள்ளி விலை பேச வந்தவர், இரண்டு நாளாய் யார் வீட்டிலோ சாப்பிட்டுக்கொண்டு மதகு மேல் உட்கார்ந்திருந்தார். கூரை இல்லாத, இரண்டு பேர் உட்காரும் வெளிநாட்டுக் கார். நம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான் உயரம். நீ அந்தக் காரையே பார்த்தாய். பிறகு மரத்தைப் பார்த்தாய். அடிமரம் தரையில் படியாமல் கிளைகளை ஊன்றிக்கொண்டு நின்றதால் கீழே ஒரு சந்து இருந்தது.

பக்கத்து வயலில் ஒரு கரும்பை ஒடித்து வந்து காரோடு நிறுத்தி, முன்கண்ணாடி உயரத்துக்கு வெட்டினாய். அதை நட்டுக்குத்தாய்ப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நடந்தாய். எங்கெங்கே கரும்பு முட்டியதோ அந்தச் சின்னக் கிளைகளை மட்டும் கழித்துப் போட்டாய்.

உன் கூட்டாளி ஒருவர் கோபப்பட்டார். "இன்னாப்பா, நாமளே வெட்டிட்டு நாமளே வழி வுடறதா?"

"மரம் கெடந்த எடத்துலதான கெடக்குது. பஸ்ஸு போவுமா? லாரி போவுமா? கீழ பூந்து போறத நீ ஏன் பாக்கற?" என்றாய்.

ஆலைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டினார். நான் பக்கத்து இருக்கையில் முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தேன். புளிய இலை முதுகெல்லாம் கொட்டியது. இன்னொரு மரம் இருக்கிறது என்று நீயும் கூடவே வந்தாய், கோடாலியும் கரும்புமாய், காரின் பின்பக்க மூடி மேல் உட்கார்ந்துகொண்டு. இரண்டாவது மரத்திலும் அதே கரும்பு, அதே வேலை. அது தாண்டியதும் இறங்கிவிட்டாய்.

"நீ போ. இதுக்கு மேல மரம் இல்ல. பசிச்சா இத்தக் கடிச்சிக்கோ" என்று கரும்பை என் மடியில் வைத்தாய். அப்புறம், "அடுத்த தரம் பின்னாடி குந்த மாட்டேன், சொல்லிட்டேன். சீட்டுலதான்" என்றாய். நான் ரயிலைப் பிடித்தேன். நேர்காணலில் நன்றாகவே பேசினேன். சிவில் கிடைத்தது.

நீ நடந்து திரும்பும்போது கோடாலியும் கையுமாய்ப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த வழக்கு முடியவே வருஷங்கள் ஆயின. கைக்கு எட்டியிருந்த அரசு பஸ் டிரைவர் வேலை அதனால் போனது. கடைசி வரை சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரிதான் ஓட்டினாய். என்னால்தான் அந்த வேலை போனதா என்று உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாய். நான் நம்பியிருப்பேனா?

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். அண்ணியைக் கூட்டிக்கொண்டு சென்னை போனேன். கையில் ஒரு கரும்பு. அன்றைக்கு ரயிலில் அதைக் கடிப்பதற்கு முன் கணுவை எண்ணி வைத்திருந்தேன், ஒன்பது. அதே ஒன்பது கணுவுக்கு நம் வயலில் வெட்டி எடுத்துப் போனேன். எந்தக் கார் அந்தக் கரும்புக்குள் அடங்குகிறதோ அதுதான் என் கார் என்று முடிவு. நீலக் கார் கடையில் காவலாளி மறித்தார். மேலாளர் வந்து, "மேடம், இது எதுக்குங்க?" என்றார். "அளக்க" என்றேன். பைக்குள் டேப் இருந்தது, அதைத் தொடவில்லை.

நீலம் கரும்புக்குள் அடங்கியது. அடுத்த கடையில் சிவப்பும் அடங்கியது. இரண்டுக்கும் மேலே ஒரு சாண் மிச்சம். அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அந்தக் காலத்துக் கரும்பு கணுவுக்குக் கணு நெருக்கம்மா. இப்ப போடறது வேற ரகம், நீட்டு நீட்டாப் போவுது. ஒம்போது கணுன்னா இதுல ஒரு ஆளே அடங்கிடுவான்." இத்தனை வீடு கட்டினவளுக்கு இது தோன்றவில்லை பார். நீ இருந்திருந்தால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

"அப்ப நீங்களே சொல்லுங்க அண்ணி, எதை வாங்கறது?" என்றேன்.

அண்ணி சிவப்புக் காரின் கதவைத் தடவிக்கொண்டு நின்றாள். "எனக்கு இன்னா தெரியும்? உங்க அண்ணன் சொன்னதுதான் தெரியும். எதுவா இருந்தா இன்னா, சீக்கிரம் வாங்குனா ஒரு தரம் குந்திப் பாப்பேன்னு சொல்லிக்கினே இருந்தாரு."

"ஏன் அண்ணி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லாதன்னுட்டாரு. அது நல்லாப் பாத்து வாங்கட்டும், நான் அவசரப்படுத்துனா தப்பா வாங்கிடும்னாரு."

அந்தப் பளபளப்பான கடையில், சட்டை கசங்காத பிள்ளைகளுக்கு நடுவில், கரும்பைக் கட்டிக்கொண்டு அழுதேன் அண்ணா. எனக்கு வெட்கமே இல்லை. இரண்டு நோட்டிலும் எழுத விட்டுப்போன ஒரே கேள்வியை அதற்கப்புறம்தான் கேட்டேன். எது முதலில் கைக்கு வரும்? நீலத்துக்கு நாலு மாதம் காத்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சிவப்பு அங்கேயே நின்றது, வெள்ளிக்கிழமை ஓட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டேன்.

தப்பான வண்டி இல்லை, நீ கவலைப்படாதே. கியர் என் கையில் இருக்கிறது, கூரையும் திறக்கும். வேகத்தடையில் கொஞ்சம் சாய்த்து ஏற்றினால் உரசாது. கல்வராயன் மலை வளைவுகளில் நீலத்தை ஓட்டுகிற எவனாவது என்னை முந்தட்டும், பார்க்கிறேன். வீட்டுக்காரர் இப்போதே பக்கத்தில் உட்காரப் பயப்படுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணியைக் கூட்டிக்கொண்டு வெள்ளிமலை வரை ஏறப்போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் சின்னசேலம் சாலை. முதல் மரம் கிடந்த இடத்தில் இப்போது ஒரு டீக்கடை இருக்கிறது. சொன்னதுமே அண்ணிக்குப் புரிந்துவிட்டது. "நான் அங்க டீ குடிச்சிக்கினு நிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள்.

அங்கிருந்து இரண்டாவது மரம் கிடந்த இடம் வரை பக்கத்து இருக்கையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள், இது சத்தியம். கூரையை மடித்து வைக்கிறேன். கரும்பை அங்கே போய் உடைத்துக்கொள்வோம். வேகமாகத்தான் ஓட்டுவேன், பயமாக இருந்தால் சொல்.

இந்தத் தடவை உன்னைப் பின்னால் உட்கார வைக்காத
உன் தங்கச்சி
வசந்தா