ரேணிகுண்டாவில் இறங்கிவிடு

திருத்தணி,
விய வருஷம் ஐப்பசி மாதம்,
தீபாவளி கழிந்த வெள்ளிக்கிழமை.

சௌபாக்கியவதி பூவம்மாளுக்கு, உன் புருஷன் ஜெகநாதன் மனம் நிறைய ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. எடை ஏறியிருக்கிறது, சளியில் கிருமி இல்லை, தை பிறந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று பெரிய டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். படித்ததும் வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். ஒன்றரை வருஷமாக அந்த சானடோரியத்தில் தனியாகக் கிடந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது. ஆனால் பூவம்மா, நீ வீட்டுக்கு வரவேண்டாம். பாதியில் கோபித்துக்கொண்டு கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடாதே. உன் குணம் எனக்குத் தெரியும். முழுக்கப் படி.

நம் பெரியவள் சந்திராவுக்கும் உன் வியாதிதான். இதை மறைத்தால் நீ தையில் சிரித்துக்கொண்டு இங்கே வந்து நிற்பாய். அதனால் எழுதுகிறேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் சுற்றிவிட்டு வந்ததிலிருந்து இருமினாள். தூசி என்றோம், மழை என்றோம். தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வயசுக்கு வரப்போகிற பெண்ணுக்கு வேறு என்ன சொல்வது. ரத்தம் வந்த பிறகுதான் மிஷன் மருந்துசாலைக் கம்பவுண்டர் ஏசுவடியானைக் கூட்டி வந்தேன். முதுகில் குழாய் வைத்துப் பார்த்தார். வெளியே வந்து, "ரெண்டு பக்கமும் போயிடுச்சுப்பா" என்றார். சானடோரியத்துக்கு அவரே எழுதிக் கேட்டார். படுக்கை காலியில்லை, ஆரம்ப நிலையில் இருப்பவர்களே வரிசையில் காத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். உனக்குக் கிடைத்த படுக்கைக்கும் வெளியே எத்தனை பேர் நின்றிருப்பார்களோ.

நீ போன அன்று சுகாதார இன்ஸ்பெக்டர் சொன்னபடி எல்லாம் செய்தோம். உன் பாயையும் தலையணையையும் ஊருக்கு வெளியே எரித்தேன். பாத்திரங்களைச் சந்திராவே வெந்நீரில் போட்டுத் தேய்த்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். மறுநாள் அவள் உன் தறியில் உட்கார்ந்து உன் நாடாவில் ஊடை நூலைக் கோத்துப் பாவுக்குக் குறுக்கே ஓட்ட ஆரம்பித்தாள். அம்மா போலவே ஓட்டுகிறாள் என்று நான் பெருமைப்பட்டேன்.

போன மாதம் ஏசுவடியான் வந்திருந்தபோது நாடாவில் நூல் தீர்ந்து நான் தார் மாற்றிக்கொண்டிருந்தேன். நாடாவின் கண்ணில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுத்தேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். "இதுல யார் யாருப்பா வாய் வெக்கிறீங்க?" என்று கேட்டார். எல்லாரும்தான் என்றேன். இருமலில் படுக்கிறவரைக்கும் நீ வைத்தாய், பிறகு அவள் வைத்தாள். செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிறவர்கள் நாம். ஒருவர் எச்சிலை ஒருவர் தொடமாட்டோம். நாடா மட்டும் எச்சிலாக யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை, இந்தத் தெருவில் ஒருவருக்கும் இல்லை. அதனால்தான் வந்ததா என்று கேட்டேன். இருக்கலாம், பிறந்ததிலிருந்து உன் பக்கத்தில் இந்த அடைத்த அறையில் படுத்தாளே, அதனாலும் இருக்கலாம், யாரால் சொல்லமுடியும் என்றார்.

ஜன்னலைத் திறந்து வை என்றும் சொன்னார். திறந்தேன். காற்று பட்டால் பாவு காய்ந்து இழை அறும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அறுந்ததை முடிச்சுப் போடுவதிலேயே பகல் போயிற்று. நூல் கொடுக்கிற வீரபத்திரன் துணியைத் தடவிப் பார்த்து, முடிச்சு முடிச்சாக இருக்கிறது, இப்படி நெய்தால் வேறு தறிக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். சர்க்கார் கண்ட்ரோலில் நூல் குதிரைக்கொம்பாக இருக்கிற காலம். தறி நின்றால் அவளுக்குக் கஞ்சியும் இல்லை. மறுபடி மூடிவிட்டேன். மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறுகிறது. காலை அதில் வைத்துக்கொண்டுதான் நெய்கிறேன்.

சந்தை மைதானத்தில் சுகாதார அதிகாரி ஒருவர் வந்து பேசினார். பால் குடியுங்கள், முட்டை சாப்பிடுங்கள், காற்றோட்டமான வீட்டில் இருங்கள், உடம்புக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். ரேஷனில் அரிசியைக் குறைத்து மக்காச்சோளம் போட்ட வாரம் அது. நம் தெரு துளசிங்கம் மேஸ்திரி சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாக மாறியது. அவர் நிறுத்துவதற்குள் பின்னால் ஒருவர் இருமினார், பெண்கள் பக்கத்தில் நாலைந்து பேர் இருமினார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து துணி கொண்டுவந்தவர்களும் இருமினார்கள். அதிகாரி பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷன்தான். அவர் என்ன செய்வார்? எங்களுக்கு என்ன வியாதி என்று எங்களுக்கே தெரியும் பூவம்மா. அதற்கு மருந்து என்ன என்றும் அவர் சொல்லிவிட்டார். வாங்கத்தான் வழியில்லை.

ஒரு நல்ல சேதி உண்டு. நம் சின்னவன் தங்கவேலை உன் அண்ணன் வேடியப்பன் ரேணிகுண்டாவுக்குக் கூட்டிப் போய்விட்டார். ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு பக்கமும் ஜன்னல். பையனுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. போகும்போது என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அலறினான். விரலைப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. நீயும் அங்கேயே வந்து இருக்கலாம் என்று உன் அண்ணன் வாய்விட்டுச் சொன்னார்.

இங்கே ரயில் ஊதும்போதெல்லாம் சந்திரா கண் திறக்கிறாள். "அம்மா வந்துகினு இருக்குதா நைனா?" என்று கேட்கிறாள். "ஆங், தை பொறந்ததும் வந்துடும்" என்கிறேன். தை வரைக்கும் தாங்காது என்று ஏசுவடியான் சொல்லிவிட்டார்.

இதைப் படித்ததும் டாக்டர் பேச்சைக் கேட்காமல் ஓடி வரத் தோன்றும். வந்தால் அவளை மடியில் போட்டுக்கொள்வாய். வாயைத் துடைப்பாய். தள்ளி உட்கார் என்றால் உட்காருவாயா? உனக்கு மறுபடி வந்தால் இன்னொரு படுக்கை கிடைக்காது. பையனுக்கு யார் இருக்கிறார்கள்? பெற்றவளைப் பார்த்துப் பிள்ளையிடம் வராதே என்று எழுதுகிறேன். எழுதுகிற இந்தக் கை விளங்காமல் போனாலும் நியாயம்தான். அவள் தலைமாட்டில் நான் இருக்கிறேன். தனியாக விடமாட்டேன். கம்பவுண்டர் என்னையும் சட்டையைக் கழற்றச் சொல்லிக் குழாய் வைத்துப் பார்த்தார். தறி இன்னும் ஓடுகிறது, அதனால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

தையில் உன்னை விடும்போது பாகாலா வழியாக ரேணிகுண்டா வருவாய். அங்கே வண்டி மாறினால்தான் திருத்தணி. நீ மாறாதே. வேடியப்பன் தங்கவேலைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பார். இறங்கி அவர்களோடு போய்விடு. திருத்தணி வழியாகப் பட்டணம் போகிற வண்டி அங்கே நின்றுகொண்டிருக்கும். அதில் ஏறாதே. பூவம்மா, உன் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், ஏறாதே.

தீர்க்க சுமங்கலியாக இரு என்று ஆசீர்வாதம் எழுதித்தான் எப்போதும் முடிப்பேன். இந்தத் தடவை அப்படி எழுதவில்லை. நீ தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
ஜெகநாதன்